உப்பளத்து நுண்ணுயிரும் ஓர் ஆய்வு மாணவரும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கவிதையும் கதையும் பேசப்படும் அவையில், மூலக்கூற்று நுண்ணுயிரியலில் முனைவர் பட்ட ஆய்வு என்னும் பொருள் பற்றிப் பேச என்னைப் பணித்திருக்கிறீர்கள். அழைத்த நண்பர் அதற்கான காரணத்தையும் சொன்னார். வட்டத்து உறுப்பினர்களின் மக்கள் சிலர் முதுநிலைப் படிப்பை முடித்து இத்துறையில் ஆய்வு செய்ய விரும்புகின்றனர். பெற்றோர்க்கோ, ஐந்தாறு ஆண்டுகள் ஓர் ஆய்வகத்துக்குள் இருந்து என்னதான் செய்வார்கள் என்பது விளங்கவில்லை. "அவர்களுக்கு விளங்கும்படி சொல்லுங்கள், பிள்ளைகளுக்கும் உண்மையைச் சொல்லுங்கள்" என்றார் நண்பர். அந்த இரண்டு கட்டளைகளையும் ஏற்று வந்திருக்கிறேன்.

முதலில் துறையைப் பற்றிச் சில சொற்கள். நுண்ணோக்கியில் கண்டு, வடிவத்தால் இனம் பிரித்து, எந்த நோயை எது உண்டாக்குகிறது என்று அறிந்தது பழைய நுண்ணுயிரியல். அந்த உயிரணுவுக்குள் எந்த மூலக்கூறு எந்த வேலையைச் செய்கிறது, அதற்கான ஆணை எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்பது மூலக்கூற்று நுண்ணுயிரியல். மரபுப் பண்பைச் சுமப்பது டி.என்.ஏ. என்னும் மூலக்கூறே என்பதை 1944ஆம் ஆண்டில் ஏவரியும் அவருடைய துணைவர்கள் இருவரும் நிமோனியாக் கிருமியைக் கொண்டுதான் காட்டினார்கள். யானையைக் கொண்டு அதைச் செய்திருக்க இயலாது. நம் குடலில் வாழும் எஷரிச்சியா கோலை என்னும் பாக்டீரியம் நல்ல உணவும் வெப்பமும் கிடைத்தால் ஏறத்தாழ இருபது நிமிடத்தில் இரண்டாகப் பிரிகிறது. மாலையில் விதைத்தால் காலையில் பல நூறு கோடி உயிர்கள். ஆகவேதான், உயிர் என்பது எவ்வாறு இயங்குகிறது என்னும் பெரிய வினாவை மிகச் சிறிய உயிர்களிடம் கேட்கிறோம்.

இனி, முனைவர் பட்ட ஆய்வு என்றால் என்ன? பொதுவாக எடுத்துச் சொல்வதைவிட, ஓர் ஆய்வு மாணவரின் கதையைச் சொன்னால் நன்கு விளங்கும் எனக் கருதுகிறேன்.

ஸ்பெயின் நாட்டின் கிழக்குக் கடற்கரையில் அலிகாண்டே நகருக்கு அருகே சாந்தா போலா என்னும் ஊர் இருக்கிறது. அங்கே உப்பளங்கள் உண்டு. தூத்துக்குடியையும் வேதாரணியத்தையும் அறிந்தவர்களுக்கு உப்பளத்தின் இயல்பைச் சொல்ல வேண்டியதில்லை. பாத்தியில் நீர் சுண்டச் சுண்ட, பெரும்பாலான உயிர்கள் மடிந்துவிடும். ஆனால் அந்தச் செறிந்த உப்புநீரிலேயே வாழப் பழகிய நுண்ணுயிர்களும் உண்டு. சாந்தா போலா உப்பளத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட அத்தகைய ஓர் உயிருக்கு ஹாலோஃபெராக்ஸ் மெடிட்டரேனி என்று பெயர். அது பாக்டீரியம் அன்று. ஆர்க்கியா எனப்படும் வேறொரு பெரும் பிரிவைச் சேர்ந்தது.

அலிகாண்டே பல்கலைக்கழகத்தில் 1989ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கிய பிரான்சிஸ்கோ மொஹிக்கா என்னும் மாணவரிடம் இந்த உயிர் ஒப்படைக்கப்பட்டது. கேள்வி மிகச் சிறியது. டி.என்.ஏ.வைக் குறிப்பிட்ட இடங்களில் மட்டும் வெட்டும் நொதிகள் உண்டு. இவ்வுயிரை வளர்க்கும் நீரில் உப்பின் அளவு மாறும்போது, அந்த நொதி இதன் டி.என்.ஏ.வை வெட்டும் விதமும் மாறுவதுபோல் தோன்றியது. ஏன்? அவ்வளவுதான். இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால் எந்த நோய் தீரும் என்று யாராவது அன்று கேட்டிருந்தால், அவரால் ஒரு பதிலும் சொல்லியிருக்க முடியாது.

மாறுபட்டு வெட்டுண்ட துண்டுகளை எடுத்து, அவற்றின் எழுத்து வரிசையை அவர் படிக்கத் தொடங்கினார். டி.என்.ஏ. என்பது நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட நெடிய சுவடி என்று கொள்ளுங்கள். இன்று பொறியில் இட்டால் கோடிக்கணக்கான எழுத்துகள் வந்து குவிகின்றன. அந்நாளில் கூழ்மத்தில் மின்சாரம் பாய்ச்சித் துண்டுகளை நீள வாரியாகப் பிரித்து, எக்ஸ்-கதிர்த் தாளில் பதிந்த கோடுகளைக் கண்ணால் பார்த்து ஒவ்வோர் எழுத்தாகக் குறித்துக்கொள்வது வழக்கம். சில நூறு எழுத்துகளைப் படிக்க நாள்கள் பலவாகும்.

அப்படிப் படித்ததில் ஒரு விந்தை தென்பட்டது. ஏறத்தாழ முப்பது எழுத்துகள் கொண்ட ஒரு தொடர் திரும்பத் திரும்ப வந்தது. ஒவ்வொரு முறைக்கும் நடுவே ஏறத்தாழ முப்பத்தாறு எழுத்துகள் கொண்ட ஓர் இடைவெளி இருந்தது. திரும்ப வரும் தொடர் மாறவில்லை. இடைப்பகுதிகள் மட்டும் ஒன்றுபோல் ஒன்று இல்லை.

இந்த அவையில் இதை விளக்குவது எளிது. பல்லவி, சரணம், மீண்டும் அதே பல்லவி, வேறொரு சரணம். இன்னொன்றும் சொல்லலாம். முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே வரும் செய்யுளை நாம் மாலைமாற்று என்போம். திருஞானசம்பந்தர் ஒரு பதிகம் முழுவதையும் அவ்வாறே பாடியிருக்கிறார். மொஹிக்கா கண்ட அந்தப் பல்லவியும் ஓரளவு மாலைமாற்றாக இருந்தது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: டி.என்.ஏ. இரட்டை இழை ஆதலால், ஓர் இழையை முன்னிருந்தும் அதன் இணை இழையைப் பின்னிருந்தும் படிக்கும்போது அந்த ஒற்றுமை புலப்படும்.

இது 1993ஆம் ஆண்டு ஓர் ஆய்விதழில் வெளியாயிற்று. அதே ஆண்டில் அவருக்குப் பட்டமும் கிடைத்தது. இதேபோன்ற ஓர் அமைப்பை 1987ஆம் ஆண்டிலேயே சப்பானில் ஒசாகா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இஷினோவும் அவர் குழுவினரும் எஷரிச்சியா கோலையில் கண்டு எழுதியிருந்தனர். அதன் பொருள் அவர்களுக்கும் விளங்கவில்லை. கிழக்காசியாவில் குடல் பாக்டீரியம், ஐரோப்பாவில் உப்பளத்து ஆர்க்கியா. இவ்வளவு தொலைவான இரண்டு உயிர்களில் ஒரே அமைப்பு இருக்குமானால் அது வீணாக இராது என்று அந்த இளைஞருக்குத் தோன்றியது.

அன்பர்களே, பட்டம் கிடைத்த அன்று அவர் கையில் விடை இல்லை. கேள்விதான் இருந்தது. அதுவும் தொடங்கிய கேள்வி அன்று. வழியில் வந்து சேர்ந்த கேள்வி. முனைவர் பட்ட ஆய்வின் இயல்பே இதுதான் என்பேன். யாரோ ஒருவர் கொடுத்த சிறு வினாவோடு உள்ளே நுழைகிறோம். நேர்மையாக உழைத்தால், நமக்கே உரிய ஒரு வினாவோடு வெளியே வருகிறோம். தேர்வு எழுதும் கல்வியில் விடை தெரிந்தவர் ஒருவர் எங்கோ இருக்கிறார். ஆய்வில் அப்படி யாரும் இல்லை, நெறியாளருக்கும் தெரியாது. அந்தத் தனிமையைத் தாங்கப் பழகுவதே இப்படிப்பின் முதற்பாடம்.

பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். இந்தத் திரும்பும் தொடர்கள், உயிரணு பிரியும்போது டி.என்.ஏ.வைப் பங்கிட உதவக்கூடும் என்று 1995ஆம் ஆண்டில் மொஹிக்காவும் உடனிருந்தோரும் கருத்துரைத்தனர். அக்கருத்து நிலைக்கவில்லை. பின்னர் தம் பல்கலைக்கழகத்திலேயே பணியமர்ந்த அவர், நிதியும் ஆய்வகமும் போதாத நிலையில், கணிப்பொறியைத் துணைக்கொண்டு பிற உயிர்களின் டி.என்.ஏ. வரிசைகளைத் துருவத் தொடங்கினார். 2000ஆம் ஆண்டுக்குள் இருபது நுண்ணுயிர்களில் அதே அமைப்பைக் கண்டார். 2002இல் அதற்குக் கிரிஸ்பர் என்னும் பெயர் வழக்கிற்கு வந்தது. பெயர் வந்துவிட்டது, பொருள் இன்னும் வரவில்லை.

அதுவரை எல்லாரும் பல்லவியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பத் திரும்ப வருவதுதானே கண்ணில் படும்! 2003ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், கோடை விடுமுறைக்கு அதே சாந்தா போலாவுக்குச் சென்றிருந்த மொஹிக்கா, சரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அதுவரை உலகில் படிக்கப்பட்ட வரிசைகளோடு ஒப்பிடலானார். எஷரிச்சியா கோலையில் இருந்த ஓர் இடைப்பகுதி, அந்தப் பாக்டீரியத்தைத் தாக்கும் பி-1 என்னும் வைரஸின் வரிசையோடு பொருந்தியது. அந்த இடைப்பகுதியை உடைய பாக்டீரிய வகையோ பி-1 வைரஸுக்கு மசியாதது என்று முன்பே அறியப்பட்டிருந்தது! நான்காயிரத்து ஐந்நூறு இடைப்பகுதிகளை ஒப்பிட்டதில், அறியப்பட்ட வரிசைகளோடு ஒத்துப்போனவை 88. அவற்றுள் மூன்றில் இரு பங்கு, அந்தந்த நுண்ணுயிரைத் தாக்கும் வைரஸ்களோடும் அவற்றை ஒத்த ஊடுருவிகளோடும் தொடர்புடையனவாக இருந்தன.

பொருள் விளங்கிவிட்டது. தாக்க வந்த பகைவனின் ஒரு துணுக்கை வெட்டியெடுத்துத் தன் சுவடியில் செருகி வைக்கிறது நுண்ணுயிர். மறுமுறை அதே பகைவன் வந்தால் அடையாளம் கண்டுகொள்கிறது. அந்த நினைவைத் தன் வழித்தோன்றல்களுக்கும் விட்டுச் செல்கிறது. கண்ணுக்குத் தெரியாத உயிருக்கும் நோய் எதிர்ப்பின் வரலாற்றேடு ஒன்று இருக்கிறது!

இதை எழுதி அவர் அனுப்பிய கட்டுரையைப் புகழ்பெற்ற ஆய்விதழ் ஒன்று மதிப்பீட்டாளர்க்குக்கூட அனுப்பாமல் திருப்பியது. மேலும் மூன்று இதழ்கள் மறுத்தன. ஐந்தாவதாக ஓர் இதழ் ஏற்று, 2005ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளியிட்டது. அதே ஆண்டில் பிரான்சு நாட்டில் இரண்டு குழுவினர் தனித்தனியே ஏறக்குறைய இதே முடிவை வெளியிட்டனர். விடுமுறையில் கண்ட உண்மை அச்சேறுவதற்குள் ஒன்றரை ஆண்டு ஓடிவிட்டது. அந்த நாள்களில் அவர் எப்படி உறங்கியிருப்பார் என்பதை, எழுதியனுப்பிய படைப்பு திரும்பிவந்த அனுபவமுள்ள உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

2007ஆம் ஆண்டில் தயிர் உறைய வைக்கும் பாக்டீரியத்தைக் கொண்டு ஒரு நிறுவனத்தின் அறிவியலாளர்கள் இக்கருத்தைச் சோதனை வழியாக மெய்ப்பித்தார்கள். இடைப்பகுதியைச் சேர்த்தால் வைரஸைத் தாங்கும் ஆற்றல் வருகிறது, நீக்கினால் போய்விடுகிறது. 2012ஆம் ஆண்டில் ஷார்ப்பென்டியேயும் டௌட்னாவும் இந்தப் பாதுகாப்பு முறையையே, வேண்டிய இடத்தில் டி.என்.ஏ.வை வெட்டும் கருவியாக மாற்றிக்காட்டினர். 2020இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர். 2023ஆம் ஆண்டின் இறுதியில் அரிவாளணுச் சோகை நோய்க்கு இம்முறையிலான மருத்துவம் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது. நம் நாட்டில் அரிவாளணு இருப்பது 1952ஆம் ஆண்டு நீலகிரிப் பழங்குடி மக்களிடையேதான் முதலில் கண்டறியப்பட்டது என்பதை இங்கே நினைவூட்டுகிறேன். அந்த மருத்துவத்தின் விலை இன்று நம் மலைவாழ் மக்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. அதைக் கீழே இறக்குவதும் இனி வரும் ஆய்வு மாணவர்கள் முன்னுள்ள வேலைதான்.

மொஹிக்காவுக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. பெற்றோர்கள் இதைக் கேட்டு, "அப்படியானால் என்ன பயன்?" என்று எண்ணக்கூடும். பயன், உரிமை, புகழ் ஆகியவற்றைப் பற்றியும் மறைக்காமல் பேசிவிடுவோம். அதற்கு இன்னொரு மாணவரின் கதை வேண்டும்.

அமெரிக்காவில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் 1943ஆம் ஆண்டு ஆல்பர்ட் ஷாட்ஸ் என்னும் இருபத்து மூன்று வயது மாணவர் முனைவர் பட்ட ஆய்வில் இருந்தார். மண்ணில் வாழும் நுண்ணுயிர்களிலிருந்து மருந்து தேடும் முறையை அவருடைய நெறியாளர் செல்மன் வாக்ஸ்மன் வகுத்திருந்தார். காசநோய்க் கிருமியோடு பழகும் வேலை ஆபத்தானது; அதை நிலவறை ஆய்வகம் ஒன்றில் அம்மாணவர் செய்தார். அவ்வாண்டு அக்டோபரில் ஸ்ட்ரெப்டோமைசின் கிடைத்தது. காசநோயை எதிர்த்து நின்ற முதல் மருந்து அது. 1944ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஷாட்ஸின் பெயரே முதலில் இருந்தது. ஆயினும் நாளடைவில் புகழும் உரிமத் தொகையும் நெறியாளர் பக்கமே சென்றன. 1950இல் மாணவர் வழக்குத் தொடுத்தார். உடன் கண்டுபிடித்தவர் என்னும் தகுதியும் உரிமத் தொகையில் மூன்று விழுக்காடும் உடன்பாட்டில் கிடைத்தன. 1952இல் நோபல் பரிசு வாக்ஸ்மன் ஒருவருக்கே வழங்கப்பட்டது. ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் ஷாட்ஸுக்குப் பதக்கம் அளித்துச் சிறப்பித்தது 1994ஆம் ஆண்டில்!

நெறியாளர் வகுத்த முறை இல்லாமல் மாணவரின் கண்டுபிடிப்பு இல்லை. மாணவர் நிலவறையில் கழித்த இரவுகள் இல்லாமல் நெறியாளரின் பரிசு இல்லை. இரண்டும் உண்மை. இந்த இரண்டு உண்மைகளையும் ஒரே மூச்சில் சொல்லக்கூடிய நெறியாளரைத் தேடுங்கள் என்பதே இளைஞர்களுக்கு என் முதல் வேண்டுகோள். நிறுவனத்தின் பெயரைப் பார்ப்பதற்கு முன், அந்த ஆய்வகத்தில் இருந்து வெளியேறிய மாணவர்களைச் சந்தித்துப் பேசுங்கள். கட்டுரையில் யார் பெயர் எந்த வரிசையில் வரும், சோதனை தோற்றால் அங்கே எப்படிப் பேசுவார்கள் என்று கேளுங்கள்.

இரண்டாவது, நாள்தோறும் செய்யும் வேலையைப் பற்றிய தெளிவு. தட்டில் விதைத்தது வளராது, வளரக்கூடாதது வளரும். ஒரு துளி மாசு மூன்று மாத உழைப்பை அழிக்கும். ஒரே சோதனையைப் பத்து முறை செய்து, பதினோராவது முறையில் கிடைத்ததை நம்பலாமா என்று மீண்டும் ஐயுற வேண்டும். ஆகவே குறிப்பேட்டைக் கண்போல் காக்க வேண்டும். தோற்ற சோதனையையும் தேதியிட்டு எழுதி வைப்பவரே ஆய்வாளர். பொருந்தாத முடிவை மறைப்பவர், தம் மொஹிக்கா-வரிசையைத் தாமே குப்பையில் இடுகிறார்.

மூன்றாவது, நடைமுறைச் செய்திகள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைப்படி இப்படிப்புக்குக் குறைந்தது மூன்றாண்டும் மிகுதியாக ஆறாண்டும் காலம் உண்டு. சிறப்பு நிலையில் இரண்டாண்டு நீட்டிக்கலாம். மகளிர்க்கு மேலும் இரண்டாண்டு சலுகையும், 240 நாள் வரை மகப்பேற்று, குழந்தை வளர்ப்பு விடுப்பும் உண்டு. மகளின் ஆய்வை மணவினைக்காக நிறுத்த எண்ணும் பெற்றோர் இதைக் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன். தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தேர்ச்சி பெறுவோர்க்கு, 2023 சனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் என உதவித்தொகை உயர்த்தப்பட்டது. அது தாமதமாக வரும் மாதங்களும் உண்டு. குடும்பத்துக்குப் பணம் அனுப்பியாக வேண்டிய பிள்ளையை அந்த மாதங்களில் நெருக்காதீர்கள்.

வேலை கிடைக்கும் வரை பொழுது போகட்டும் என்றோ, பெயருக்கு முன்னால் ஒரு பட்டம் ஒட்டிக்கொள்ளட்டும் என்றோ இதில் நுழைய வேண்டாம். பட்டம் வேண்டுமென்று வந்தவர்க்கு இந்த ஆறாண்டு சிறை. ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று வந்தவர்க்கும் இது கடினமே. ஆனால் அந்தக் கடினத்துக்கு ஒரு பொருள் இருக்கும்.

இறுதியாக, இந்த வட்டத்துக்கே உரிய ஒரு செய்தி. ஆய்வேட்டை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டியிருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தம் கேள்வியைத் தம் தாய்க்கு விளங்கும் தமிழில் மூன்று தொடர்களில் சொல்ல இயலாத மாணவர், அக்கேள்வியை இன்னும் முழுமையாகப் புரிந்துகொள்ளவில்லை என்பது என் துணிபு. உங்கள் திங்கள் கூட்டங்களில் ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஆய்வு மாணவர் ஒருவரை அழைத்து, அவருடைய கேள்வியைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். விடை எப்போது வரும் என்று கேட்காதீர்கள். கேள்வி என்னவென்று கேளுங்கள். சோதனை தோற்ற ஒரு மாதத்தில், தம் கேள்வியைக் கேட்க ஓர் அவை இருக்கிறது என்னும் நினைவு அந்தப் பிள்ளைக்குப் பெருந்துணையாகும்.

 வட்டம் இன்னும் பல பத்தாண்டுகள் காண வாழ்த்துகிறேன்.